மிதக்கும் மாத்திரையும் படுக்கும் மனிதரும்



போன மாதம் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பீக்கரில் தெளிந்த திரவம். அதில் ஒரு வெள்ளை மாத்திரை விழுகிறது. அடியில் போய் உட்காருகிறது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் கட்டுகின்றன. அரை நிமிடத்தில் மெல்ல எழும்பி, மேலே வந்து மிதக்கிறது. பின்னால் ஒரு பெண்குரல், "சார், மிதக்குது சார்!"

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் என்னிடம் பிளஸ் டூ படித்த பெண். இப்போது எம்.ஃபார்ம் கடைசி வருடம். அவளுடைய ஆய்வுதான் அந்த மாத்திரை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், எழுதுவதற்கு அனுமதி கொடுத்துவிட்டாள். அந்த இரவு தொடங்கி நாங்கள் நான்கைந்து தடவை பேசினோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். அதைத்தான் எழுதுகிறேன். பதிவு நீளம். டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வீடியோவைப் பார்த்ததும் எனக்கு நம் ஆய்வுக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. அந்துருண்டை நடனம் ஞாபகம் இருக்கிறதா? உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அதில் சமையல் சோடா, மேலே எலுமிச்சைச் சாறு. இரண்டு அந்துருண்டைகளைப் போட்டால் அடியில் கிடக்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் அதன் மேல் ஒட்ட ஒட்ட, உருண்டையும் குமிழிகளும் சேர்ந்த மொத்தத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்துபோகும். மேலே வரும். மேலே வந்ததும் குமிழி உடையும். மறுபடி கீழே போகும். ஒரு பீரியட் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்த ஒரே பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மிதக்கும் மாத்திரையின் அடிப்படையும் அதே சோடாதான். வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, மாத்திரைக்குள் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது. இரண்டும் சந்தித்தால் வாயு. ஆனால் அந்துருண்டை போல உடனே இறங்கிவிடக் கூடாது, மணிக்கணக்கில் மிதக்கவேண்டும். அதற்கு வாயுவைப் பிடித்து வைக்க ஒரு பை வேண்டும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழவென்று ஒரு கூழ்ப்படலம் கட்டிக்கொள்ளும் அல்லவா? அப்படி ஒரு கூழ்ப்படலம் கட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள். ஹைட்ராக்ஸி புரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ் என்று நீளமான பெயர், செல்லுலோஸிலிருந்து செய்வது. அந்தக் கூழுக்குள் வாயு சிக்கிக்கொள்ளும், இட்லி மாவுக்குள் சிக்குகிற மாதிரி. வயிற்றுத் திரவத்தின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், கன சென்டிமீட்டருக்கு 1.004 கிராம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மாத்திரை அதற்குக் கீழே வந்துவிட்டால் மிதக்கும்.

அவள் மாத்திரையில் இன்னொரு வேலையும் உண்டு. மிதக்கும், ஆனால் உடனே மருந்தைவிடாது. நடுவில் மருந்து. அதைச் சுற்றி ஒரு பூச்சு. தண்ணீர் அந்தப் பூச்சு வழியாக மெல்ல மெல்ல உள்ளே ஊறும். உள்ளே இருக்கும் பொருள் ஊறி உப்பும். ஒரு கட்டத்தில் பூச்சு தாங்காமல் வெடிக்கும், மருந்து மொத்தமாக வெளியே வரும். பூச்சு தடிமனானால் தாமதம் கூடும், மெலிந்தால் குறையும். அவள் அதை ஐந்து மணி நேரத்துக்குச் சரிசெய்து வைத்திருக்கிறாள். இரவு பத்து மணிக்கு விழுங்கினால் விடிகாலை மூன்று மணிக்குத் திறக்கவேண்டும். உள்ளே இருப்பது இரத்த அழுத்தத்துக்கான மருந்து.

கேட்கும்போதே கை தட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது, தட்டினேன். ஆனால் போனை வைத்துவிட்டுப் படுத்தபோது தூக்கம் வரவில்லை. காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் மனைவியை உங்களில் பலருக்குத் தெரியும், சிறப்பு வகுப்பு நாட்களில் சுண்டல் கொடுத்தனுப்பியவர். அவருக்குப் பதினொரு வருடமாக முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். காலை ஒன்பதரை மணிக்கு மேல் பூத் தொடுக்கிற கை, ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாத கை. காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தைத் திருகிக் கழற்ற என்னைத்தான் எழுப்புவார். விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும், அவர் வார்த்தையில் "கையுறை போட்ட மாதிரி". மாத்திரை சாப்பிடுவது காலை உணவுக்குப் பிறகு. அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் பாதி விறைப்பு தானாகவே விட்டிருக்கும்.

இந்த நோய்க்கு ஒரு கடிகாரம் உண்டு. உடலில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின் 6 போன்ற பொருட்கள் இந்த நோயாளிகளுக்குப் பின்னிரவில் ஏறுகின்றன. கண் விழிக்கும்போது வெள்ளம் ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது. எட்டு மணி மாத்திரை, வெள்ளம் வந்தபின் போடுகிற அணை. 1997இல் சுவீடன் மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 26 நோயாளிகளுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையை, ஒரு பாதிப் பேருக்கு இரவு இரண்டு மணிக்கும் மறுபாதிப் பேருக்குக் காலை ஏழரை மணிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணிக்காரர்களுக்குக் காலை விறைப்பும் வலியும் நன்றாகக் குறைந்தன. சரி, ஆனால் தினமும் யார் இரண்டு மணிக்கு எழுந்து மாத்திரை போடுவது?

அந்தக் கேள்விக்கு விடையாக வந்தது ஒரு தாமத மாத்திரை. உள்ளே பிரட்னிசோன், வெளியே ஒரு உறை. இரவு பத்து மணிவாக்கில் சாப்பாட்டோடு விழுங்கினால் சுமார் நான்கு மணி நேரம் கழித்து மருந்தை விடும். 2008இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 288 நோயாளிகள், 12 வாரம். பழைய மாத்திரையைக் காலையில் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் காலை விறைப்பு சராசரியாக அரை மணி நேரம் அளவுக்குக் குறைவு. அரை மணி நேரம்தானா என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டுக்கு வந்து காலை ஐந்தரைக்கு அடுப்படியில் நின்று பாருங்கள். அந்த மாத்திரையை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் மருத்துவர் கொடுக்கிற மருந்துகள் வேறு, அவரிடம் கேட்காமல் எதையும் மாற்றப்போவதும் இல்லை. சொல்லவந்தது வேறு. அந்த மாத்திரை மிதப்பதில்லை. குடலுக்குள் நகர்ந்துகொண்டே போகும், நேரம் வந்ததும் போகிற வழியிலேயே திறக்கும். பிரட்னிசோன் குடலில் நன்றாக உறிஞ்சப்படுகிற மருந்து, அதனால் அது போதும்.

அப்படியானால் எதற்கு மிதக்கவேண்டும்? இதற்கு என் பெரியக்காவின் கதையைச் சொல்லவேண்டும். அக்கா இதைப் படிப்பார், திட்டுவார், பரவாயில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. இரவுச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., பெரிய மாத்திரை. ஒரு நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். "நாப்பது ரூவா மாத்திரை கரையாமப் போகுதுடா தம்பி" என்று அடுத்த நாளிலிருந்து இஞ்சி தட்டுகிற சின்ன உரலில் போட்டு இடித்து மோரில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். பத்து நாளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, சாப்பாடே வேண்டாம் என்று கிடந்தார். வீட்டில் எல்லோரும் வேறு ஏதோ நோய் என்று பயந்துவிட்டோம். மருத்துவமனையில் ஒரு நர்ஸ்தான், "பாட்டி, மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?" என்று கேட்டுக் கண்டுபிடித்தார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

அக்கா பார்த்தது மாத்திரையை அல்ல, அதன் கூட்டை. மருந்து கரைந்து வெளியேறிய பிறகு மிச்சமாகும் கூழ்க்கூடு. வெங்காயத் தோல் மாதிரி என்று சொன்னேன், அப்போதுதான் சமாதானமானார். பல மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய மருந்தை அவர் இடித்ததால் மொத்தமாக ஒரே வாயில் விழுங்கியிருக்கிறார்.

இந்த மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், பெருங்குடலுக்குப் போய் மருந்தை விட்டுப் பெரிய பயன் இல்லை. சிறுகுடலைக் கடக்க ஒரு மாத்திரைக்குச் சுமார் மூன்று நான்கு மணி நேரம் போதும். ஆகவே இப்படிப்பட்ட மருந்துகளுக்கு மாத்திரை வயிற்றிலேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பவேண்டும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவும் மேல்குடலில் உறிஞ்சப்படுவதுதான். அதற்காக ரோச் நிறுவனம் மாடோபார் எச்.பி.எஸ். என்று மிதக்கும் கேப்சூலே செய்தது. நம் நாட்டில் ரான்பாக்ஸி சிப்ரோஃப்ளாக்சசினை ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று ஆக்கியதும் இந்த வழியில்தான். இப்போது தாமதத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேல்குடலில் மட்டும் உறிஞ்சப்படும் ஒரு மருந்தை ஐந்து மணி நேரம் தாமதித்து விடவேண்டுமானால், அந்த ஐந்து மணி நேரமும் மாத்திரை வயிற்றிலேயே காத்திருக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பயணி மாதிரி. பஸ்ஸில் ஏறிவிட்டால் இறங்கவேண்டிய ஊர் தாண்டிவிடும்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் என் வழக்கு.

அவள் மாத்திரை மிதந்தது எங்கே? 900 மில்லி, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 37 டிகிரி சூடு, நிமிடத்துக்கு 50 சுற்றுச் சுற்றும் ஒரு துடுப்பு. இது விதிப்படியான சோதனை, குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மாத்திரையையும் இன்னொரு மாத்திரையையும் ஒப்பிட இது தேவை. ஆனால் 900 மில்லி திரவம் யார் வயிற்றில் இருக்கிறது? வெறும் வயிற்றில் இருப்பது முப்பது நாற்பது மில்லிதான், இரண்டரை மேசைக்கரண்டி. எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்தால், அதில் பாதி கால் மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது. முக்கால் மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. குளம் வற்றிய பிறகு படகு எதில் மிதக்கும்?

"அதுக்குத்தான் சார் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுவோம்" என்றாள். நல்ல பதில். ஆனால் அந்தப் பதிலுக்குள்ளேயே ஒரு வம்பு இருக்கிறது. வயிற்றில் உணவு இருக்கும்போது, வயிற்றின் வாசல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறியதாக அரைபட்டதைத்தான் வெளியே விடும். பெரிய மாத்திரை, மிதந்தாலும் மூழ்கினாலும், உள்ளேதான் நிற்கும். உணவு முழுக்கப் போன பிறகு வயிறு தன்னைப் பெருக்கிச் சுத்தம் செய்யும். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாகப் பலமான ஒரு அலை வரும், வாசல் அகலத் திறக்கும், மிச்சம் மீதி எல்லாம் அடித்துக்கொண்டு போகும். வாசல் தெளிக்கிற மாதிரி. எட்டரைக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லி எத்தனை மணிக்குக் காலியாகும், அதற்குப் பிறகு எத்தனை அலை வரும், மூன்று மணி வரை இந்த மாத்திரை எந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டு காத்திருக்கும்? மாத்திரை நின்றது மிதந்ததாலா, சாப்பிட்டதாலா? இதை அவள் சோதனை எதுவும் பிரித்துக்காட்டவில்லை.

அடுத்ததுதான் எனக்கு முக்கியம். பீக்கர் நிமிர்ந்து நிற்கிறது. நோயாளி படுத்துவிடுகிறார்.

நிற்கும்போதோ உட்காரும்போதோ வயிற்றின் மேல்பகுதி மேலே, வெளியேறும் வாசல் கீழே. மிதப்பது வாசலுக்கு எட்டாத உயரத்தில் பத்திரமாக இருக்கும். மல்லாந்து படுங்கள். வயிற்றின் பெரிய அறை முதுகுப் பக்கமாகப் பள்ளத்தில் போய்விடும், வாசல் பக்கம் மேடாகிவிடும். திரவம் பள்ளத்தில் தேங்கும். மிதக்கிற பொருள் மேட்டுப் பக்கம், அதாவது வாசலை நோக்கிப் போகும். மனிதர்களிடமே செய்து பார்த்த சோதனைகள் இருக்கின்றன. நிமிர்ந்திருந்தவர்களிடம் மிதக்கும் மாத்திரை நன்றாகத் தங்கியது. மல்லாந்து படுத்தவர்களிடம் அந்தச் சலுகை போய்விட்டது, மிதப்பவை மிதக்காதவற்றைவிட முன்னால்கூட வெளியேறின. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வாசல் இன்னும் மேலே போய்விடும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு மருத்துவர்கள் இடப்பக்கம் படுக்கச் சொல்கிறார்கள். நம் பெரியவர்களும் இடப்பக்கம் படு என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். நல்ல பழக்கம், ஆனால் மிதக்கும் மாத்திரைக்கு அதுதான் மோசமான படுக்கை.

கேலியைப் பாருங்கள். தாமதித்து மருந்துவிடும் மாத்திரை பெரும்பாலும் எதற்காக? பின்னிரவில் தொல்லை தரும் நோய்களுக்காக. எப்போது விழுங்குவது? படுக்கப் போகும்போது. ஆக, மிதப்பது எந்த நேரத்தில் கைகொடுக்காதோ அந்த நேரத்துக்கென்றே மிதப்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், முயலுக்குக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கப்போறோம், பேரியம் சல்ஃபேட் சேர்த்து. அதுல தெரிஞ்சிடும்" என்றாள். எனக்கு முயல் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் முயலின் வயிறு ஒருபோதும் முழுசாகக் காலியாவதில்லை. ஒரு நாள் பட்டினி போட்டாலும் உள்ளே ஏதாவது கிடக்கும். நம்மைப் போல மல்லாந்து ஏழு மணி நேரம் படுப்பதும் இல்லை. முயல் வயிற்றில் ஆறு மணி நேரம் தங்கியது என்ற படம் ஆய்வேட்டில் அழகாக இருக்கும். என் மனைவியின் வயிற்றைப் பற்றி அது என்ன சொல்லும்?

இன்னொரு கேள்வியும் கேட்டேன், அதில்தான் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது, எனக்கும் சங்கடம். "இரத்த அழுத்த மருந்துக்கு இந்த மூணு மணி எதுக்கும்மா?"

காலையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்பது உண்மை. காலை ஆறு மணியிலிருந்து நண்பகலுக்குள் மாரடைப்பு அதிகம் என்பதும் 1985லிருந்தே பதிவான உண்மை. அதனால் விடிகாலையில் மருந்து உச்சத்தில் இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு. 1990களிலேயே அமெரிக்காவில் வெரபமில் மருந்தை இரவில் விழுங்கி விடிகாலையில் வேலை செய்யும்படி மாத்திரையாக்கி விற்றார்கள். நன்றாக இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் பெரிய ஆய்வில் பழைய சாதாரண மாத்திரைகளைவிட அது மேலானது என்று காட்டமுடியவில்லை. 2022இல் பிரிட்டனிலிருந்து டைம் என்ற ஆய்வு வந்தது. 21,104 பேர். பாதிப் பேர் வழக்கமான இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில், பாதிப் பேர் மாலையில். ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எதிலும் வித்தியாசம் இல்லை. மறக்காமல் தினமும் சாப்பிடுவதுதான் கணக்கு. இது தாமத மாத்திரையைச் சோதித்த ஆய்வு இல்லைதான், அவள் அதைச் சரியாகவே சுட்டிக்காட்டினாள். ஆனாலும் நேரம் இவ்வளவு முக்கியம் என்றால் காலைக்கும் மாலைக்கும் நடுவில் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

எல்லா நோய்க்கும் ஒரே கடிகாரம் இல்லை. முடக்குவாதத்தின் விறைப்புக்கு நேரம் உண்டு. ஆஸ்துமாவுக்கு உண்டு. ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் தானே ஆஸ்துமா நோயாளி, 1698இல் எழுதிய நூலிலேயே மூச்சுத்திணறல் இரவில் வந்து எழுப்புவதைச் சொல்லியிருக்கிறார். என் அப்பாவும் அப்படித்தான். மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாங்கள் முதுகைத் தடவிவிடுவோம். அந்த மூன்று மணிக்கு யாராவது மாத்திரை செய்தால் நான் அவர்கள் காலில் விழுவேன். (இன்றைக்கு நல்ல இன்ஹேலர்கள் வந்து அந்த மூன்று மணியையே பலருக்கு இல்லாமல் செய்துவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். இன்ஹேலர் போட்டால் பழகிவிடும் என்று இன்னும் பயப்படும் உறவினர்கள் தயவுசெய்து எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள்.)

ஆகவே என் கருத்து இது. மாத்திரை வடிவமைக்கும் பிள்ளைகள் பீக்கரிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்கவேண்டிய இடம் கட்டில். யார் படுத்திருக்கிறார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், எந்தப் பக்கம் படுப்பார், எத்தனை மணிக்கு வலிக்கிறது. இதைக் கேட்ட பிறகு, இந்த மருந்து மேல்குடலை மட்டும் நம்பியதா என்று பார்க்கவேண்டும். இல்லை என்றால் மிதக்கவே வேண்டாம், தாமதம் மட்டும் போதும். ஆமாம் என்றால், மிதப்பதை மட்டும் நம்பக் கூடாது. வாசலில் நுழைய முடியாத அளவுக்கு உப்பவும் செய்யவேண்டும். அல்லது ஒரே பெரிய மாத்திரைக்குப் பதில் ஐம்பது நூறு சிறு உருண்டைகளாகப் பிரித்துக் கேப்சூலில் அடைக்கலாம். ஒற்றை மாத்திரை வாசலைத் தாண்டிவிட்டால் அன்றைய இரவு மொத்தமும் போச்சு. உருண்டைகளில் பத்து போனாலும் மிச்சம் இருக்கும்.

வழிகாட்டிப் பேராசிரியர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு வருடப் படிப்பு, கையில் இருக்கும் கருவி, கையில் இருக்கும் காசு. மனிதர்களிடம் சோதிக்க அனுமதியும் பணமும் எங்கே போவது? மருந்தை மட்டும் மாற்றி, பூச்சை மட்டும் மாற்றி, அதே பீக்கர் சோதனையைச் செய்து பட்டம் வாங்குவது சுலபமான வழி. ஆனால் சுலபமான வழியிலும் ஒரு நேர்மை வேண்டும். "இது நிமிர்ந்த பீக்கரில் கண்டது, படுத்த மனிதரிடம் எப்படி என்று தெரியாது" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? பிராக்டிகல் நோட்டில் டைட்ரேஷன் அளவைப் பக்கத்துப் பையனைப் பார்த்து மாற்றி எழுதியவர்களிடம் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். தப்பான அளவுக்கு மார்க் குறைத்ததில்லை. மாற்றி எழுதியதற்குத்தான் குறைத்தேன்.

உறவினர்களுக்கு இரண்டு விஷயம். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., எம்.ஆர். என்று ஏதாவது எழுத்து இருந்தால் அது வெறும் பவுடர் கட்டி இல்லை, ஒரு இயந்திரம். இடிக்காதீர்கள், கடிக்காதீர்கள், தண்ணீரில் கரைக்காதீர்கள். நடுவில் கோடு போட்ட சிலவற்றைப் பாதியாக உடைக்கலாம், ஆனால் அதையும் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டு. விழுங்க முடியவில்லை என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், வேறு வடிவில் தருவார்கள். சாப்பாட்டோடு என்று சொன்ன மாத்திரைக்குச் சாப்பாடும் மருந்தின் ஒரு பகுதி. இரவில் ஒரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்கிற சித்தப்பாக்களே, உங்களைத்தான் சொல்கிறேன். மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் ஐந்தாறு பேராவது இதைப் படிப்பீர்கள். அட்டையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருப்பது எங்கள் அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள், "முழுதாக விழுங்கவும்" என்று தமிழில். செலவை நான் தருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிறு அந்தப் பெண் மறுபடி பேசினாள். மருந்தை மாற்ற நேரம் இல்லை, இரத்த அழுத்த மருந்தோடுதான் ஆய்வேடு போகும். ஆனால் ஒரு சோதனை கூடுதலாகச் செய்திருக்கிறாள். 900 மில்லிக்குப் பதில் 50 மில்லி அமிலம், அதுவும் மூடிபோட்ட ஒரு பாட்டிலில், பாட்டிலைப் படுக்கவைத்து. மாத்திரை மிதக்கவில்லை. பாதி நனைந்து, கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. தாமதம் ஐந்து மணி நேரத்திலிருந்து எட்டரை மணி நேரத்துக்குப் போய்விட்டது. வழிகாட்டி முதலில் முகம் சுளித்தாராம், பிறகு இதையும் ஒரு அட்டவணையாகச் சேர் என்று சொல்லிவிட்டாராம்.

"சார், வீடியோ எடுத்தேன், அனுப்பவா? பார்க்க நல்லா இல்ல" என்றாள்.

அனுப்பச் சொன்னேன். என் மனைவியும் நானும் இரண்டு தடவை பார்த்தோம்.